ஒரே ஓர் எஞ்சின், ஒரே ஒரு பெட்டி: உங்களிடம் எது மிஞ்சும்?

கரிப்புகை:

அலமாரி நிறைய வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கடமான கேள்வி. உங்களிடம் உள்ள மாதிரி ரயில்களில் ஒரே ஓர் எஞ்சினையும் ஒரே ஒரு பெட்டியையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிட வேண்டும் என்றால் எவை மிஞ்சும்? விலை உயர்ந்தது, கிடைப்பதற்கு அரியது என்பதெல்லாம் காரணம் ஆகாது. கண்ணால் பார்த்தோ கையால் தொட்டோ சொல்லக்கூடிய காரணம் வேண்டும்.

என் தேர்வை முதலில் வைத்துவிடுகிறேன். எஞ்சின், ஜெர்மன் மாதிரி ரயில் நிறுவனமான மார்க்லினின் ‘முதலை’. சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் மலைப்பாதைக்காக 1919 முதல் கட்டப்பட்ட சிஇ 6/8 மின்சார எஞ்சின். இரண்டு வரிசைகளாக வந்தது, இரண்டையும் சேர்த்தால் நிஜத்தில் ஓடியவை 51 மட்டுமே. மார்க்லின் 1947-இல் அதை எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக (1:87), கொண்டுவந்தது. அதன்பின் நிஜ எஞ்சின்களைவிட மாதிரிகள் எத்தனையோ மடங்கு பெருகிவிட்டன.

ஏன் முதலை? அது மின்சார எஞ்சின்தான், ஆனால் நீராவி எஞ்சினைப் போலச் சக்கரங்களை இணைக்கும் தண்டுகள் வெளியே ஆடுகின்றன. அந்தக் காலத்து மோட்டார்கள் மிகப் பெரியவை. அச்சுக்குப் பக்கத்தில் தொங்கவிட இடம் போதாது. அதனால் அவற்றை முன்னும் பின்னும் உள்ள நீண்ட மூக்குகளுக்குள் வைத்து, இடைத்தண்டு ஒன்றின் வழியாகச் சக்கரங்களைச் சுழற்றினார்கள். கனமான மின்மாற்றி நடுவில். உடல் மூன்று துண்டு. வளைவில் நுழையும்போது முதலில் மூக்கு திரும்பும். நடு உடல் ஒரு கணம் நேராகவே போய், பிறகு மனமில்லாமல் திரும்பும். பின்மூக்கு கடைசியாக வந்து சேரும். இவ்வளவும் எச்.ஓ. அளவில் ஒரு சாண் நீளத்துக்குள் நடக்கிறது.

பெட்டி, ரைன்கோல்ட் என்ற ஜெர்மன் சொகுசு ரயிலின் 1928-ஆம் ஆண்டுப் பெட்டி. கீழே ஊதா, ஜன்னல் பகுதி பாலேடு நிறம். காரணம் நிறம் மட்டுமே. வேறு நியாயம் சொல்ல மாட்டேன்.

முனையம்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிக் பாய்.

அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில்வேக்காக 1941 முதல் 1944 வரை கட்டப்பட்டவை 25. எட்டு இன்னும் இருக்கின்றன. அவற்றில் 4014 என்ற எண் கொண்டது பழுதுபார்க்கப்பட்டு 2019 மே மாதம் மறுபடி நீராவியில் ஓடியது. சக்கர அமைப்பு 4-8-8-4: முன்னால் நான்கு, நடுவில் எட்டு எட்டாக இரண்டு தொகுதி இயக்கச் சக்கரங்கள், பின்னால் நான்கு. ஒரே கொதிகலனுக்கு அடியில் இரண்டு எஞ்சின்கள் வேலை செய்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு இயக்கச் சக்கரங்களும் ஒன்றாகச் சுழலும்போது கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாது. கையால் தொட்டுச் சொல்லும் காரணமும் உண்டு: தூக்க இரண்டு கையும் வேண்டும்.

பெட்டி, பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸின் ஆரஞ்சு நிறக் குளிர்பதன வேகன். அந்த எஞ்சினுக்குப் பின்னால் அதுதான் பொருந்தும்.

அச்சாணி:

முனையம் தம்பி, எஞ்சினைத் தூக்கிவிட்டீர்கள் சரி, எந்த வளைவில் வைக்கிறீர்கள்?

கரியும் நீரும் சுமக்கும் பின்வண்டியான டெண்டரோடு சேர்த்து நிஜ பிக் பாயின் நீளம் ஏறக்குறைய 40.5 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 46 சென்டிமீட்டருக்கும் மேல். எச்.ஓ. தொடக்கத் தொகுப்புகளில் பரவலாக வருவது 18 அங்குல ஆரம் கொண்ட வளைவு, அதாவது 45.7 சென்டிமீட்டர். எஞ்சினின் நீளமும் வளைவின் ஆரமும் ஒன்று! நிஜ எஞ்சினில் பின்பக்கச் சக்கரத் தொகுதி கொதிகலனோடு இறுகப் பொருத்தப்பட்டது, முன்பக்கத் தொகுதி மட்டும்தான் பக்கவாட்டில் திரும்பும். மாதிரி செய்பவர்களோ சிறிய வளைவையும் கடக்க வேண்டும் என்பதற்காகப் பல தயாரிப்புகளில் இரண்டு தொகுதிகளையும் திரும்ப விட்டுவிடுகிறார்கள். விளைவு, வளைவில் கொதிகலன் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு போய், பக்கத்துத் தடத்தில் நிற்கும் வண்டியை இடித்துத் தள்ளும். முன்பக்கம் பார்த்தால் சக்கரங்கள் ஒரு திசையில், புகைபோக்கி வேறொரு திசையில்.

பெரிய கூடத்தில் அகன்ற வளைவு போட முடிந்தவர்களுக்கு அது அற்புதம். மற்றவர்களுக்கு அது அலமாரிப் பொருள்.

என் தேர்வு மூன்று அச்சுகள் கொண்ட சிறிய தொட்டி எஞ்சின். டெண்டர் இல்லாதது, யார்டில் வேகன்களைத் தள்ளி அடுக்குவதற்கானது. எந்தத் தயாரிப்பானாலும் சரி, ஒரே ஒரு சோதனை வைப்பேன்: தண்டவாளத்துக்கு அடியில் உள்ள ஒரு மரக்கட்டையிலிருந்து அடுத்த மரக்கட்டைக்கு நிற்காமல், திணறாமல், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக நகர வேண்டும். வேகமாக ஓடுவது எந்த எஞ்சினுக்கும் வரும். மெதுவாக ஓடுவதில்தான் தரம் தெரிகிறது.

பெட்டி பற்றி நாளை எழுதுகிறேன்.

முனையம்:

அச்சாணி அண்ணா, என் வளைவுகளின் ஆரம் ஒரு மீட்டருக்கு மேல். ஆகவே என் எஞ்சின் ஓடுகிறது, இடிக்கவும் இல்லை. உங்கள் குட்டி எஞ்சினை என் டெண்டருக்குள்ளேயே நிறுத்தலாம்.

அச்சாணி:

நிறுத்துங்கள். அப்போதும் அது பிக் பாயைவிட மெதுவாக ஓடும்.

தகர ரயில்:

எல்லோரும் மில்லிமீட்டர் கணக்கில் இறங்கிவிட்டீர்கள். மாதிரி ரயிலின் பெரும்பகுதி வரலாறு விளையாட்டுப் பொருளின் வரலாறு என்பதை யாராவது நினைவூட்ட வேண்டும்.

என் எஞ்சின் அமெரிக்கப் பொம்மை ரயில் நிறுவனமான லயனல் 1948-இல் வெளியிட்ட சாண்டா ஃபே எஃப்3 டீசல். சிவப்பு மூக்கு, வெள்ளி உடல், இரண்டுக்கும் நடுவே மஞ்சள் கோடு. அந்த வண்ணத் திட்டத்தை 1937-இல் வரைந்தவர் லேலண்ட் நிக்கர்பாக்கர். நிஜ ரயிலுக்கு வரைந்ததுதான், ஆனால் அதை உலகம் முழுவதும் வீட்டுக்குள் கொண்டுபோனது பொம்மை ரயில். மூன்று தண்டவாளத்தில் ஓடுகிறது, வளைவுக்காக அங்கங்கே அளவு சுருக்கப்பட்டிருக்கிறது, எல்லாம் தெரியும். தெரிந்தேதான் பிடிக்கிறது.

பெட்டி, அதே லயனலின் 1947-ஆம் ஆண்டுப் பால் வண்டி. மேடைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் கதவு படாரென்று திறக்கும், வெள்ளை உடுப்புக்காரர் ஒருவர் பால் கேனோடு வெளியே வந்து அதை மேடையில் வைத்துவிட்டு உள்ளே போவார். கதவு சாத்திக்கொள்ளும். மறுபடி அழுத்தினால் அடுத்த கேன். உள்ளே இருப்பது ஒரு கம்பிச்சுருள் மின்காந்தம், அவ்வளவுதான். சில நேரம் கேன் கவிழும். கவிழ்ந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆயிரம் ரிவெட்டுகளைத் துல்லியமாகச் செதுக்கிய எந்த வேகனாலும் அறையில் உள்ள அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்க வைக்க முடியுமா?

கடைசிப்பெட்டி:

எஞ்சின்காரர்களுக்கு நடுவில் பெட்டிக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும் என்பதால் வருகிறேன். பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

கேபூஸ். அமெரிக்கச் சரக்கு ரயிலின் கடைசியில் ஓடிய கார்டு வண்டி. கூரைமேல் ஒரு சிறிய கண்ணாடிக் கூண்டு இருக்கிறதே, அது அழகுக்காக வைத்தது இல்லை. அதில் உட்கார்ந்தபடி கார்டு முன்னால் போகும் வேகன்களைக் கண்காணிப்பார். எண்ணெய் வற்றி அச்சுப்பெட்டி சூடேறினால் புகை வரும், உடனே ரயிலை நிறுத்த வேண்டும். பின்னாளில் வேகன்கள் உயரமாகிவிட்டதால் கூரையிலிருந்து பார்த்துப் பயனில்லாமல் போனது. அப்போது பக்கச் சுவரில் வெளியே துருத்தும் ஜன்னல் வைத்த கேபூஸ் பெருகியது. 1980-களில் கடைசி வேகனின் கப்ளரில் (வண்டிகளைக் கோக்கும் கொக்கியில்) மாட்டும் ஒரு மின்னணுக் கருவி வந்து கேபூஸ்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஒரு வண்டியின் வடிவத்தைப் பார்த்தே அதில் வேலை செய்தவர் எதற்குப் பயந்தார் என்று சொல்ல முடிகிறது. எந்த எஞ்சினில் அப்படிச் சொல்ல முடியும்?

இன்னொன்று. கரிப்புகை ஐயா, ரைன்கோல்ட் பெட்டியை எடுத்தீர்கள். உங்களிடம் இருப்பது முழு நீளமா, சுருக்கியதா?

கரிப்புகை:

சுருக்கியதுதான் என்று நினைக்கிறேன். ஜன்னல்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஆனால் அவற்றின் இடைவெளி நெருக்கமாகத் தெரிகிறது. ஏன் கேட்டீர்கள்?

கடைசிப்பெட்டி:

பயணிகள் பெட்டி சேகரிப்பவர்களின் தீராத வழக்கு இது. ஐரோப்பாவில் போருக்குப் பிந்தைய விரைவு ரயில் பெட்டியின் பொதுவான நீளம் 26.4 மீட்டர். 1:87 கணக்கில் அது 30.3 சென்டிமீட்டர் வர வேண்டும். அவ்வளவு நீளப் பெட்டி சிறிய வளைவில் அசிங்கமாக நீட்டும். எனவே தயாரிப்பாளர்கள் உயரத்தையும் அகலத்தையும் 1:87-இலேயே வைத்துக்கொண்டு நீளத்தை மட்டும் 1:100 ஆக்கினார்கள். அப்போது 26.4 சென்டிமீட்டர். பிறகு 1:93.5 என்று ஒரு சமரசம், அதில் 28.2. ஒரே ரயிலில் இந்த மூன்றையும் கலந்து கோத்தால் பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ உறுத்தும், எது என்று சொல்லத் தெரியாது.

என் கருத்தில் சுருக்கியது ஒன்றும் பாவம் இல்லை. சிறிய வளைவில் 28.2 பெட்டிகள்தான் ரயிலாகத் தெரியும், 30.3 பெட்டிகள் தனித்தனிப் பலகைகளாகத் தெரியும். கலக்காமல் இருந்தால் போதும்.

தகர ரயில்:

அப்படியானால் நீளத்தைச் சுருக்கினால் சமரசம், நாங்கள் சுருக்கினால் பொம்மை. நல்ல நியாயம்.

கடைசிப்பெட்டி:

வம்புக்கு வராதீர்கள். உங்கள் பால் வண்டிக்கு என் ஓட்டு எப்போதும் உண்டு.

ஒன்பது மில்லி:

இவ்வளவு நேரம் எச்.ஓ.வும் லயனலும் மட்டுமே. எச்.ஓ.வைவிடச் சிறிய, தண்டவாளங்களுக்கு இடையே ஒன்பது மில்லிமீட்டர் மட்டுமே உள்ள தடத்துக்காரர்கள் நாங்களும் உயிரோடுதான் இருக்கிறோம்.

எஞ்சின் என்று தனியாக ஒன்றை நான் எடுக்க மாட்டேன், முழு ரயிலாகத்தான் எடுப்பேன்: 1964-இல் ஓடத் தொடங்கிய முதல் ஷின்கான்சென், 0 வரிசை. உருண்டை மூக்கு, வெள்ளை உடல், நீலப் பட்டை. நிஜப் பெட்டி 25 மீட்டர். 1:160-இல் 15.6 சென்டிமீட்டர். பதினாறு பெட்டிகளையும் கோத்தால் இரண்டரை மீட்டர். எச்.ஓ.வில் பதினாறு பெட்டிகள் ஓட்ட மண்டபம் வேண்டும், எனக்கு ஒரு நீள மேசை போதும். ரயில் என்பது நீளம். நான்கு பெட்டிகளை இழுக்கும் துல்லியமான எஞ்சினைவிட, நிலையத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிறைந்து நிற்கும் முழு ரயில் எனக்கு மேல்.

ஒரு வேடிக்கை. ஜப்பானிய மாதிரிகளில் ஷின்கான்சென் 1:160, சாதாரண ரயில்கள் 1:150. சாதாரணப் பாதைகளின் நிஜ அகலம் 1067 மில்லிமீட்டர்தான். 1:150 கணக்கில் தடம் 7 மில்லிமீட்டரைச் சற்றே தாண்ட வேண்டும். அதையும் ஒன்பது மில்லிமீட்டர் தடத்திலேயே ஓட்டுகிறார்கள். ஓஓ என்ற பிரிட்டிஷ் மாதிரி அளவிலும் இதே கதை, திசை மட்டும் எதிர்: எச்.ஓ. தடத்தின் மேல் 1:76 அளவு உடல். பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவத்தில் சிறியவை, அக்கால மோட்டார்கள் 1:87 உடலுக்குள் அடங்கவில்லை, உடலைப் பெரிதாக்கிவிட்டார்கள். தடம் குறுகலாகத் தெரிகிறது என்று எதிரில் நின்று பார்ப்பவர் மட்டுமே கண்டுபிடிப்பார்.

மின்கம்பி:

ஜிஜி1 மின்சார எஞ்சின். அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்வே, 1934 முதல் 1943 வரை 139 எஞ்சின்கள். ரிவெட்டுகள் நிறைந்த உடலைப் பற்றவைத்த மழமழப்பான உடலாக மாற்றச் சொன்னவரும், ஐந்து தங்கக் கோடுகளை இழுத்தவரும் ரேமண்ட் லோவி. அந்த ஐந்து கோடுகளும் மூக்கின் நுனியில் ஒன்றுசேரும் இடத்தைப் பாருங்கள். மாதிரி நல்லதா கெட்டதா என்று அங்கேயே சொல்லிவிடலாம். கோடு தடித்திருந்தால், மூக்கருகே அலைபாய்ந்தால், மேற்கொண்டு பார்க்க வேண்டாம்.

பெட்டி எதுவும் வேண்டாம். தனியாக ஓடட்டும்.

பித்தளைக்காரன்:

நான் எழுதினால் திட்டு விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன். என்னிடம் உள்ளவை பெரும்பாலும் ஜப்பானிலும் கொரியாவிலும் கையால் செய்யப்பட்ட பித்தளை எஞ்சின்கள். அதிகம் ஓட்டுவதில்லை.

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் ஷே. காட்டில் மரம் வெட்டிய இடங்களுக்காக எஃப்ரயிம் ஷே உருவாக்கிய பல்சக்கர எஞ்சின். சிலிண்டர்கள் செங்குத்தாக, எல்லாமே வலப்பக்கம். அவற்றிலிருந்து நீளமான ஒரு தண்டு சக்கரங்களின் ஓரமாக முன்னும் பின்னும் ஓடி, சாய்பல் சக்கரங்கள் வழியாக எல்லா அச்சுகளையும் சுழற்றுகிறது. அந்தக் கனத்துக்கு ஈடுகட்டக் கொதிகலனை நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாத சாதுவான எஞ்சின். வலப்பக்கம் வந்தால் இயந்திரங்களின் திருவிழா. நேர் எதிரே நின்று பார்த்தால் புகைபோக்கி ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். பிளாஸ்டிக்கில் செய்யும்போது அந்தத் தண்டின் இணைப்புகள் தடித்துவிடுகின்றன. பித்தளையில் மட்டும்தான் அந்த மெல்லிய நேர்த்தி வருகிறது.

பெட்டி, மரம் ஏற்றும் தட்டை வேகன். நிஜ மரக்கிளைத் துண்டுகளை ஏற்றியது.

அச்சாணி:

ஷேயை வைத்துக்கொண்டு ஓட்டுவதில்லை என்கிறீர்களே! அது நிஜத்திலேயே ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்த எஞ்சின். மெதுவாக ஓட்டுவதற்கென்றே பிறந்தது. வீணையை வாங்கிச் சுவரில் மாட்டிவைப்பதுபோல இருக்கிறது.

ஓட்டாமல் வைத்தால் எண்ணெய் இறுகும், கிரீஸ் மெழுகாகும். ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடந்த எஞ்சினுக்குத் திடீரென்று மின்சாரம் கொடுத்தால் மோட்டார் திணறும், பற்சக்கரம் நோகும். எடுத்ததும் கையால் சுழற்றிப் பாருங்கள், பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் புதியதைக் கடுகளவு வையுங்கள், பிறகு ஓட்டுங்கள்.

பித்தளைக்காரன்:

கிரீஸ் பற்றிச் சொன்னது முழு உண்மை, அதை ஏற்கிறேன். ஆனால் ஓட்டுபவர்கள்தான் பாதுகாக்கிறார்கள், நாங்கள் பூட்டிவைக்கிறோம் என்பதை ஏற்க மாட்டேன். பூட்டிவைத்தவர்களால்தான் பல மாதிரிகள் இன்று முழுதாக இருக்கின்றன.

மாதிரியைப் போட்டுவைக்கும் அட்டைப்பெட்டியும் ஆபத்துதான், அது எங்களுக்கும் தெரியும். பழைய அட்டைப்பெட்டிகளில் உள்ள பஞ்சு காலப்போக்கில் பொடிந்து பிசுபிசுப்பாகி வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அமிலம் இல்லாத மெல்லிய தாளில் சுற்றுங்கள். இன்னொன்று, துத்தநாகக் கலப்புலோக வார்ப்பு. போருக்கு முந்தைய மாதிரிகளில் அதிகம். உலோகத்தில் ஈயம் போன்ற மாசு கொஞ்சம் கலந்திருந்தாலே போதும், பல ஆண்டுகள் கழித்து உள்ளிருந்தே வீங்கி, வெடித்து, விரலால் தொட்டால் உதிரும். அதற்கு மருந்து இல்லை. ஈரமும் சூடும் கூடிய இடத்தில் இன்னும் விரைவாக நடக்கும். ஆகவே பழைய வார்ப்பு எஞ்சின் வாங்குபவர்கள் முதலில் சக்கரங்களையும் அடிச்சட்டத்தையும் பாருங்கள். முடிபோன்ற விரிசல், லேசான வளைவு, கொப்புளம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். பித்தளைக்கு இந்த நோய் கிடையாது. அதுவும் எனக்கு ஒரு காரணம்.

தகர ரயில்:

போருக்கு முந்தைய சில சக்கரங்கள் என்னிடம் அப்படித்தான் போயின. புதிய வார்ப்பில் மாற்றுச் சக்கரங்கள் கிடைக்கின்றன, மாற்றி ஓட்டுகிறேன். அசல் போய்விட்டதே என்று அழுபவர்கள் அழட்டும்.

முனையம்:

தகர ரயில் அண்ணா, 1957-இல் வந்த இளஞ்சிவப்பு லயனல் ரயில் உங்களிடம் உண்டா? பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

தகர ரயில்:

இல்லை. சிறுமிகளுக்காக என்று இளஞ்சிவப்பு நீராவி எஞ்சினும் வெளிர் நிறப் பெட்டிகளும் செய்தார்கள். விற்கவில்லை. ரயில் ஓட்ட விரும்பிய சிறுமிகளுக்கு நிஜ ரயிலைப் போன்ற கறுப்பு எஞ்சின்தான் வேண்டியிருந்தது என்பது என் கணிப்பு. விற்காததால் குறைவு, குறைவானதால் இன்று சேகரிப்பாளர்கள் துரத்துகிறார்கள். கரிப்புகை ஐயாவின் நிபந்தனைப்படி அது இந்தப் போட்டியில் நுழையவே முடியாது. எனக்கு அதன் நிறமும் பிடிக்காது. ஆனால் இந்த வகையில் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது: ஒட்டகச்சிவிங்கி வண்டி. கூரைக்கு மேல் கழுத்தை நீட்டியபடி வரும், பாலம் நெருங்கும்போது தடத்தோரக் கருவி ஒன்று வண்டியின் அடியைத் தொட, தலையைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். பாலத்தைத் தாண்டியதும் மறுபடி நீட்டும். இதைப் பார்த்து முகம் மலராதவர் மில்லிமீட்டர் கட்சியிலும் இருக்க மாட்டார்.

புதுத்தடம்:

எல்லோருக்கும் வணக்கம். இன்னும் ஒன்றும் வாங்கவில்லை, படித்துக்கொண்டே இருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. அச்சாணி ஐயா மெதுவாக ஓட வேண்டும் என்கிறார். ஒரு மாதிரியைப் பார்த்தவுடன் அது மெதுவாக ஓடுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாங்கிய பிறகுதான் தெரியுமா?

அச்சாணி:

நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மோட்டார். பழைய மலிவான மாதிரிகளில் மூன்று துருவ மோட்டார் இருக்கும். மெதுவாக ஓட்டினால் ஒவ்வொரு துருவத்துக்கும் ஒரு குலுக்கல். ஐந்து துருவம் மேல். உள்ளே இரும்புக் கரு இல்லாத மோட்டாரில் அந்தக் குலுக்கலே இருக்காது. அடுத்து ஃப்ளைவீல், மோட்டார் தண்டிலேயே பொருத்திய பித்தளை உருளை. தடத்தில் ஒரு தூசி வந்து மின்சாரம் ஒரு நொடியின் சிறு பகுதி அறுந்தால், அதன் சுழற்சி வேகம் எஞ்சினைத் தள்ளிக்கொண்டு போகும். சிறிய எஞ்சின்களில் அதற்கு இடம் குறைவு என்பதுதான் தொல்லை.

மோட்டாரைவிட முக்கியம் மின்சாரம் எடுக்கும் வழி. எஞ்சினைக் கவிழ்த்துப் பாருங்கள். எத்தனை சக்கரங்களின் பின்புறத்தில் மெல்லிய செப்புத் தகடு உரசிக்கொண்டிருக்கிறது? எல்லாச் சக்கரங்களிலும் இருந்தால் நல்லது. இழுவைக்காகச் சில சக்கரங்களில் ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். அந்தச் சக்கரம் மின்சாரம் எடுக்காது என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆறு சக்கர எஞ்சினில் இரண்டு ரப்பர் என்றால் மிச்சம் நான்கு. தடம் பிரியும் இடத்தில் நடுவில் பிளாஸ்டிக் துண்டு இருந்தால் அங்கே அது நிற்கும், நீங்கள் விரலால் தள்ளுவீர்கள், பார்ப்பவர் சிரிப்பார். இப்போது டிகோடரோடு (கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சிறு மின்னணுப் பலகையோடு) சேர்த்துச் சிறிய மின்தேக்கி வைக்கிறார்கள். ஓரிரு நொடி மின்சாரத்தைச் சேமித்து வைத்து அந்த இடத்தைக் கடத்திவிடும். நல்ல டிகோடர், மோட்டாரே திருப்பி உண்டாக்கும் மின்னழுத்தத்தை அளந்து, ஏற்றத்தில் வேகம் குறைந்தால் தானாகக் கூட்டிக்கொடுக்கும்.

அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய என்.எம்.ஆர்.ஏ. என்ற மாதிரி ரயில் ஆர்வலர் சங்கம், டிகோடருக்குத் தடம் வழியாகவே கட்டளை அனுப்பும் இந்த டிசிசி முறைக்குத் தரம் வகுத்தது. அடிப்படை ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத்தினுடையது. அதனால் ஒரு நிறுவனத்தின் டிகோடர் இன்னொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவியோடு பேசும். மார்க்லின் வேறு வழியில் வந்தது, தடத்தின் நடுவே வரிசையாக உள்ள முனைகளில் மின்சாரம் எடுக்கும் மாற்று மின்னோட்ட முறை. சக்கரங்களும் வேறு. அதைக் கவனிக்காமல் கரிப்புகை ஐயாவின் முதலையை ஆசைப்பட்டு வாங்கி இரண்டு தண்டவாளங்களிலிருந்தே மின்சாரம் எடுக்கும் இருதட முறையில் வைத்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும்.

பெட்டி பற்றி நாளை எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். என் பெட்டி தொட்டி வேகன், எண்ணெய்க்கறை வழிந்தது போல வண்ணம் பூசியது. ஆனால் எந்தப் பெட்டியானாலும் எடை முக்கியம். லேசான வேகன் தள்ளும்போது தடம் புரளும். எச்.ஓ.வுக்கு அதே சங்கம் தரும் கணக்கு எளிது: அடிப்படையாக 28 கிராம், பிறகு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 14 கிராம். ஆறு அங்குல வேகன் என்றால் 112 கிராம் அளவில். உள்ளே இரும்பு நட்டுகளைத் தரையோடு ஒட்டிச் சரிக்கட்டுங்கள். கூரையில் ஒட்டாதீர்கள், வளைவில் சாயும்.

ஒன்பது மில்லி:

எங்கள் அளவில் தூசி இன்னும் பெரிய எதிரி. எச்.ஓ.வுக்குத் தூசியாக இருப்பது எங்களுக்குக் கல். என் அலமாரியில் இரண்டாவது பெட்டியாக எதை வைத்துக்கொள்வேன் என்று கேட்டால், தடம் துடைக்கும் வண்டி என்பேன். அழகு கிடையாது. அது முன்னால் போகாவிட்டால் ஷின்கான்சென் பின்னால் வராது.

புதுத்தடம்:

மிக்க நன்றி ஐயா. முடிவு செய்துவிட்டேன்: எச்.ஓ., இருதடம், மூன்று அச்சுத் தொட்டி எஞ்சின், பின்னால் ஒரு கேபூஸ். எஞ்சின் ஜெர்மன் வகை, கேபூஸ் அமெரிக்க வகை. இரண்டும் பிடித்திருக்கின்றன. ஒன்றாக ஓட்டினால் நீங்கள் எல்லோரும் என்னைத் துரத்துவீர்களா?

கரிப்புகை:

சுருக்கிய ரைன்கோல்ட் வைத்திருக்கும் நான் யாரைத் துரத்துவது? ஓட்டுங்கள்.

மின்கம்பி:

நான் துரத்துவேன். ஆனால் படம் போட்ட பிறகு.

கடைசிப்பெட்டி:

தாராளமாக ஓட்டுங்கள், தம்பி. சிக்கல் கப்ளரில்தான் வரும். ஜெர்மன் எஞ்சினில் வளையம் போன்ற கொக்கி இருக்கும், அமெரிக்க கேபூஸில் விரல் மடக்கியது போன்ற கப்ளர். ஒன்றோடொன்று கோக்காது. எஞ்சின் புதிய தயாரிப்பாக இருந்தால் என்.இ.எம். 362 என்ற தரத்தின்படி சிறிய செவ்வகப் பொந்து இருக்கும், கொக்கியை இழுத்தால் வந்துவிடும். அதே பொந்துக்குப் பொருந்தும் கப்ளர்களை கேடீ நிறுவனம் 17 முதல் 20 வரை எண்ணிட்டு நான்கு நீளங்களில் தருகிறது. 18-இல் தொடங்குங்கள், முன்தடுப்பு இடித்தால் 19-க்குப் போங்கள். கேபூஸ் பக்கம் அவர்களுடைய 5-ஆம் எண் போதும்.

இரண்டையும் மாட்டிய பிறகு உயரத்தை அளவுமானியில் சரிபாருங்கள். ஒன்று சற்றே தாழ்ந்திருந்தாலும் ஏற்றத்தில் கழன்றுகொள்ளும், கேபூஸ் மட்டும் பின்னோக்கி உருண்டுவிடும்.

புதுத்தடம்:

அளவுமானி தனியாக வாங்க வேண்டுமா, தாளில் கோடு போட்டுப் பார்த்தால் போதாதா?

கடைசிப்பெட்டி:

போதாது. வாங்கிவிடுங்கள். உலோகத்தில் செய்ததாக இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தடத்தில் வையுங்கள்.